‘ஸ்தோ’ நான் வைத்த அளவு அல்ல

கண்ணு,

உனக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறார்கள். தை மாதம் நீ விடுப்பில் வரும் நாளை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி, மண்டபமும் பிடித்துவிட்டார் உன் மாமா. பேனரும் அடித்தாகிவிட்டது. அதன் படத்தை அவர் உனக்கு அனுப்பியிருக்க மாட்டார். நேரில் பார்த்து நீ மலைத்துப்போக வேண்டுமாம். எனக்கு அந்த ஆசை இல்லாததால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இடது ஓரத்தில் பட்டமளிப்பு உடையில் நீ. வலது பக்கம் கைகூப்பியபடி உன் மாமா, உன்னைப்போல் இரண்டு மடங்கு பெரியவராக. நடுவில் ‘பிளாஸ்மா வேதியியல் விஞ்ஞானி’ என்ற தங்க நிற எழுத்துகளுக்குக் கீழே கொழுகொழுவென்று ஒரு சிவப்பு ரத்தத் துளி. துளிக்குள் ஒரு இதயம். அன்று காலை அதே மண்டபத்தில் ரத்த தான முகாமும் வைத்திருக்கிறார்கள், பொருத்தமாக இருக்கட்டும் என்று.

நீ நாலு வருஷம் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்னலைப் பிடித்து வைத்துப் பருத்தித் துணியோடு மல்லுக்கட்டினாய். இந்த ஊரே அந்தத் துணியில்தான் சாப்பிடுகிறது. அப்படியும், உன் வேலை துணியைப் பற்றியது என்று விழா நடத்தும் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிளாஸ்மா என்றால் அவர்களுக்குப் பையில் கட்டித் தொங்கவிடும் மஞ்சள் திரவம். விழாவுக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்த உன் மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கொரோனாவுல எத்தன பேருக்கு பிளாஸ்மா ஏத்துனாங்க மாப்ள. அதெல்லாம் நம்மூட்டுப் புள்ள வேலைன்னு நெனைக்கறப்ப உடம்பே சிலுத்துப் போகுதுங்க.”

நான் திருத்தியிருக்கலாம். “ஆமாங்க மச்சான்” என்றேன். காபி கொண்டுவந்த உன் அம்மா என்னை முறைத்தாள். அவளுக்கு என் முகம் தெரியும். அவர் போன பிறகு, “எங்கண்ணன் தேடி வந்து கூப்புடறாரு. ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதீங்க” என்றாள். அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதைத் திருத்தாமல் உட்கார்ந்து ரசிப்பது எனக்குப் பழைய சுகம். அந்தச் சுகத்தின் விலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு வருவதற்குமுன் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டு வருகிறேன். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே திறமை அதுதான்.

இந்த ஊர்ப் பாராட்டு விழாவை நீ பார்த்ததில்லை. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியபோது உன்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அப்போது நான் வெறும் லேப் இன்சார்ஜ். நான் முப்பது நாற்பது விழாக்களைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். வரவேற்புரை சொல்பவர் உன் படிப்பைத் தப்பாகச் சொல்வார். வாழ்த்துரை சொல்பவர் தன் பனியன் கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்வார். பிறகு பொன்னாடை. போர்த்தி, படம் எடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்று, எடுத்ததும் இறங்கிப் போவார்கள். பருத்தியை உலகத்துக்கே தைத்துப் போடும் ஊர் தன் பிள்ளைகளுக்குப் போர்த்துவது சரிகை போட்ட பாலியஸ்டர். ஒருமுறை சங்கத்தில் மிஞ்சிய பொன்னாடை ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டு அப்படியே உருண்டு தரையில் விழுந்தது. என் அனுபவத்தில் இவர்கள் செய்யும் மரியாதை எல்லாமே அந்த ரகம்தான்.

உன் வேலை என்ன என்று இந்த ஊரில் எனக்காவது தெரியும் என்பதை நீ நம்ப வேண்டும். பின்னலாகி வந்த, இன்னும் வெளுக்காத கிரே துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் அது முத்துப்போல நிற்கும். பருத்தியின் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. அந்த மெழுகைக் கழற்றத்தான் காஸ்டிக் சோடாவில் போட்டு வேகவைக்கிறோம், அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருஷம் நொய்யல் ஆற்றுக்கு ஊட்டினோம். காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்ட குழாய்க்குள் துணியை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், மிச்சமிருக்கும் காற்று ஊதாவாக எரியும். அதுதான் உன் பிளாஸ்மா. அந்த வெளிச்சம் ஒரு சொட்டு ரசாயனம் இல்லாமல் மெழுகைக் கொறித்துவிடும், துணி கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் குடிக்கும். ஆனால் சில நாள் போனால் துணி மனம் மாறிவிடும். மறுபடி சொட்டு நிற்கும். ஏன் மாறுகிறது, எப்படி மாறாமல் நிறுத்துவது என்பதைத்தான் நீ கண்டுபிடித்தாய். தோற்றுப்போன துணிகளோடு நீ இருந்த அந்த நாலு வருஷத்துக்குத்தான் மாலை போட வேண்டும். அதற்குப் போட இவர்களிடம் மாலை கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு எழுந்தபோது உன் மாமா இன்னொன்றும் சொன்னார். நீ அனுப்பிய ஆய்வேட்டை உன் அம்மா அவருக்குக் காட்டியிருக்கிறாள். முதல் பக்கத்தில் நீ எழுதியிருப்பதைத் தெரிந்தவர்களை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ‘பிளாஸ்மா பட்ட துணி நாளாக ஆகத் தன் குணத்தை இழப்பதை, யாரும் கேட்காத காலத்தில், ஒரு சாயப்பட்டறையின் மூலையில் முதலில் கவனித்து எழுதி வைத்த என் தந்தைக்கு’ என்று எழுதியிருக்கிறாய். துணியில் நான் தொடங்கியதை நீ ரத்தத்தில் முடித்தாய் என்று அவராகவே முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“அப்பனும் மவளும் ஒரே மேடையில நிக்கோணுமுங்க மாப்ள. அப்பவே நீங்க கண்டுபுடிச்சதத்தான் புள்ள முடிச்சிருக்குது. அன்னிக்கு வெவரந் தெரியாம நாஞ் சிரிச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

கண்ணு, அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்காக நான் முப்பது வருஷம் காத்திருந்தேன். குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும், அவர் மன்னிப்புக் கேட்பது போலவும் நான் பதில் சொல்லாமல் எழுந்து போவது போலவும் நடித்துப் பார்த்திருக்கிறேன். அது வந்தது. நான் செய்யாத ஒன்றுக்காக வந்தது. நான் தலையாட்டி அதையும் வாங்கிக்கொண்டேன்.

என் கதையில் உனக்குத் தெரிந்த பாதியை முதலில் சொல்கிறேன். ஆராய்ச்சிக்குப் போன கல்லூரியில் இரண்டு வருஷம் நான் எடுத்த அளவுகளை என் பேராசிரியர் கட்டுரையாக்கினார். அதில் அவர் பெயர் இருந்தது, அவருடைய மருமகன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “நீ இன்னும் வளர வேண்டியவன்” என்றார். அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு விடுபட்ட பெயரைச் சொல்லிச் சொல்லியே உன் அம்மாவின் காதைப் புண்ணாக்கினேன். உனக்குச் சோறு ஊட்டும்போது கதையாகச் சொன்னேன். பெயரைத் திருடியவனைவிடக் கேவலமானவன் இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கல்யாணம் ஆனபின் உன் மாமாவின் சாயப்பட்டறையில் லேப் பார்த்தேன். மச்சினன் பட்டறையில் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. கெமிக்கல் குடோன் மூலையில், ஒரு பழைய வேக்வம் பம்பையும், நியான் போர்டு செய்பவரிடம் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரையும், தடித்த கண்ணாடிக் குழாயையும் வைத்து நானே ஒரு கருவி கட்டினேன். முதல்முறை ஊதா வெளிச்சம் வந்ததையும், முதல் துணி சொட்டைக் குடித்ததையும் நீ நூறு முறை கேட்டிருப்பாய். நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஏஜெண்டையும் கூட்டிக்கொண்டு உன் மாமா பார்க்க வந்த அன்று சொட்டு நின்றதையும் கேட்டிருப்பாய். ஒரு வாரம் முன்பே பிளாஸ்மா காட்டி, பாலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருந்த துணி அது. உன் மாமா குனிந்து அந்த முத்தைப் பார்த்துவிட்டு, “மாப்ள, உங்க மிசினு துணிக்கு ரெயின்கோட்டு போட்டு உட்டுருச்சுங்களாட்டிருக்குது” என்றார். குடோனே சிரித்தது. ஏஜெண்ட் கூடச் சிரித்தான், அவனுக்குத் தமிழே தெரியாது. அடுத்த வாரம் அந்த இடத்தில் உப்பு மூட்டை அடுக்கினார்கள்.

உனக்குச் சொல்லாத பாதி இது. அந்த லேபில் என்னோடு எஸ்தர் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். இருபது வயது இருக்கும். பொங்கலூர்ப் பக்கம் நம் சொந்தக்காரர்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். எட்டாவது வரை படித்தவள். துணியை பிட் பிட்டாக வெட்டுவதும், சொட்டு வைத்துப் பார்ப்பதும், நோட்டில் எழுதுவதும் அவள் வேலை. நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. “ஏம்புள்ள” போதுமானதாக இருந்தது. ஏஜெண்ட் வருவதற்கு நாலு நாள் முன்பு அவள் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

“சார், திங்கக்கெழம வெச்ச பிட்டு இப்பத் தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க.”

“உங்கையில தேங்காயெண்ணெய் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வை.”

“கழுவிட்டுத்தானுங்க வெச்சேன்.”

“இன்னொருக்காக் கழுவு.”

நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் போய்க் கழுவினாள். சொட்டு நின்ற அன்று, குடோன் சிரித்துக்கொண்டிருந்தபோது, நான் எல்லார் முன்னாலும் அவளைக் காட்டி, “இந்தப் புள்ள எண்ணெய்க் கையோட துணியத் தொட்டிருக்கு” என்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அவளை வேஸ்ட் துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள்.

அந்த வாரமே நான் அவளுடைய நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நாலு பக்கம். தி, செ, பு என்று கிழமை. பக்கத்தில் ‘ஸ்தோ’ என்று தலைப்புப் போட்டு எண்கள். ஒரே துணியின் பிட்டுகள், ஒவ்வொரு நாளும். ஸ்தோ 1. ஸ்தோ 3. ஸ்தோ 11. ஸ்தோ 40. கடைசியில் ‘குடிக்கல’. ஓரத்தில் சின்னதாக, ‘கை கழுவியது 2 தடவை’. துணி மனம் மாறுவது அந்த நாலு பக்கத்தில் பச்சையாக இருந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: உன் மாமாவிடம் போய், இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள், அன்றன்றைக்குப் பிளாஸ்மா காட்டிய துணியில் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். போகவில்லை. எட்டாவது படித்த ஒருத்திக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று மச்சினன் முன்னால் நிற்பதைவிட, ஊர் என்னைக் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வாழ்வது எனக்குச் சுலபமாக இருந்தது. என் கருவியைக் கொன்றது உன் மாமாவின் சிரிப்பு இல்லை.

பதின்மூன்று வயதில் நீ பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தாய். “அப்பா, இது நீங்க எழுதுனதா?” என்றாய். ஆமாம் என்றேன். “கையெழுத்து வேற மாதிரி இருக்கே?” அப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவேன் என்றேன். “ஸ்தோன்னா என்னங்கப்பா?” எனக்குத் தெரியாது, கண்ணு. அவளிடம் கேட்டதே இல்லை. ஆனாலும், “அது நான் வெச்ச அளவு. ஏறக்குறைய ஒரு செகண்ட்” என்றேன். உன் கண்கள் அன்று என்னைப் பார்த்த விதத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ அந்த நோட்டை மனதில் பிடித்துக்கொண்டே இயற்பியல் படித்தாய், கடல் தாண்டினாய். போன மாதம் ஆய்வேடு வந்தது. அடிக்குறிப்பில் இருக்கிறது: ‘ஸ்தோ, என் தந்தை பயன்படுத்திய கால அலகு, ஏறத்தாழ ஒரு நொடி.’ நான் உளறியது அங்கே நூலகத்தில் கெட்டி அட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறது. என் பேராசிரியர் ஒரு பெயரை விட்டார். நான் ஒரு பெயரை விட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதவும் விட்டேன். அவரைப் பார்த்துத் துப்பும் தகுதி எனக்கு இல்லை. அவருக்காவது மருமகன் மேல் பாசம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தரைத் தேடிக்கொண்டு பொங்கலூர் போனேன். பல்லடம் சாலையில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறாள். சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு, கழுத்தில் கண்ணாடி தொங்க, வீட்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“நல்லா இருக்கீங்களா, எஸ்தர்?” என்றேன்.

“என்னங்க சார் புதுசா நீங்க நாங்கன்னு. ஊட்டுல அல்லாரும் சவுக்கியந்தானுங்களே?”

நோட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் தன் பழைய எழுத்தைப் பார்த்தாள். ஸ்தோ என்றால் என்ன என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

“ஸ்தோத்திரமுங்க. நீங்க ஸ்டாப் வாட்ச பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டுப் போயிருவீங்க. சொட்டு வெச்சுப்போட்டு எதப் பாத்து எண்றதுங்க? ஜெபத்துல ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லுவோம், அந்தப் பழக்கம். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு சொல்லிட்டே இருப்பேன். குடிச்சு முடிக்கறக்குள்ள எத்தன ஆச்சோ, அத எழுதிக்குவேன்.”

உன் ஆய்வேட்டில் அது கால அலகாக ஏறியிருப்பதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப அந்த வெள்ளக்காரங்களையும் ஸ்தோத்திரம் சொல்ல வெச்சுப்போட்டேனுங்களா” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, நோட்டை மூடினாள்.

“எங்கையில எண்ணெய் இல்லீங்க சார்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியுமுங்க?”

“அந்த வாரமே.”

அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவள் திட்டியிருந்தால் நான் பழையபடி ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். விழாவைப் பற்றிச் சொன்னேன், மேடையில் அவள்தான் நிற்க வேண்டும் என்றேன். அன்றைக்கு ஷிப்மெண்ட் இருக்கிறதாம், லீவு சொல்ல முடியாதாம். “பொன்னாடையெல்லாம் எனக்கெதுக்குங்க. எங்க லைன்ல அதப் போட்டா நாலு எடத்துல டிஃபெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பண்ணிருவேன்” என்றாள். நான் செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

“சார், கடசில அந்தத் துணி குடிச்சுதுங்களா?”

உனக்குப் பட்டம் வந்த நாளிலிருந்து எத்தனை பேர் என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? அங்கே என்ன சம்பளம், வெள்ளைக்காரனைக் கட்டிக்கொள்வாளா, காங்கேயத்தில் ஒரு நல்ல வரன் இருக்கிறது பார்க்கலாமா, அமைச்சர் வருவாரா. துணி தண்ணீர் குடித்ததா என்று கேட்ட ஒரே ஆள் எஸ்தர். குடித்த துணி எத்தனை மாதம் மனம் மாறாமல் இருக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. “எம்பொண்ணு வந்து சொல்லுவா” என்றேன்.

ஆகையால் இதைச் செய். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கும் வரியை எடுத்துவிட்டு, எஸ்தர் பெயரைப் போடு. அச்சான புத்தகத்தில் முடியாது என்றால், இனி நீ எழுதும் ஒவ்வொன்றிலும் போடு. அடிக்குறிப்பைத் திருத்து. கௌரவம் பார்க்காதே, என் கௌரவத்தை நான் எதைக் கொடுத்து வாங்கினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். உன் லேபிலும் ஒருநாள் உன்னைவிடக் குறைவாகப் படித்த ஒருத்தி வந்து நிற்பாள். சொட்டு நிற்கிறது என்று அவள் சொன்னால் துணியைப் பார். அவள் கையைப் பார்க்காதே.

விழாவுக்குப் போவதும் போகாததும் உன் விருப்பம். போனால் ரத்தத் துளியைப் பார்த்துச் சிரிக்காமல், உன் வேலை துணி என்று அவர்களுக்குச் சொல். நான் சொல்லாமல் விட்டதை நீ சொல். நான் மேடையேற மாட்டேன். உன் மாமாவிடம் நாளைக் காலை போய்க் காரணத்தைச் சொல்லப் போகிறேன். மறுபடி சிரிப்பார். இந்த முறை சிரிக்க அவருக்கு உரிமை உண்டு.

நீ வெளிச்சம் காட்டிய துணிகளில் மிகப் பழையதாக ஒரு பிட் எடுத்துவா, எத்தனை மாதமானாலும் சரி. விழாவுக்கு முந்தின ஞாயிறு நாம் இருவரும் பொங்கலூர் போவோம். ஒரு டம்ளர் தண்ணீர் அவள் வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். சொட்டை நீ வை. எண்ணுவதை அவளிடம் விட்டுவிடு.

அப்பா